டிராமா அக்காவும் வெளியே வராத டிரெய்லரும்

கம்ப்யூட்டர் கோளாறைக் காலால் நடந்தே கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் இந்தப் பூமியில் எங்கள் டிராமா அக்காதான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன். நம்பாதவர்கள் திருவொற்றியூரில் எங்கள் பழைய ஆபீசுக்குப் போய்ப் பாருங்கள். தரை டைல்ஸ் முழுக்க சொரசொரப்பாக இருக்கும். தண்ணீர் கேனிலிருந்து ஜெராக்ஸ் மெஷின் வரைக்கும் ஒரு தடம் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று கிடக்கும். அத்தனையும் அக்கா எங்களை நடக்கவிட்ட தடம்.

முதலில் ஆபீசைச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்துக்குப் போகிற, துறைமுகத்திலிருந்து வருகிற கன்டெய்னர்களை அடுக்கிவைக்கும் யார்டு அது. எந்த டிரெய்லர் உள்ளே வந்தது, எது வெளியே போனது, எந்தப் பெட்டி எந்த வரிசையில் இருக்கிறது என்பதையெல்லாம் ஒரு சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். அந்த சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்வது நாங்கள். எங்களைப் பார்த்துக்கொள்வது டிராமா அக்கா. நான் தாம்பரத்திலிருந்து மின்சார ரயில், பஸ், ஷேர் ஆட்டோ என்று மூன்று வண்டி மாறி அங்கே போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போயிருக்கும். மீதிப் பாதியை அக்கா எடுத்துக்கொள்வார்.

அவருக்கு நிஜப் பெயர் என்று ஒன்று உண்டு. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் இருந்தது. ஆனால் போட்டோ நன்றாக இல்லை என்று அட்டையை எப்போதும் திருப்பியே போட்டுக்கொள்வார். அதனால் அந்தப் பெயரை யாரும் படித்ததில்லை. காசிமேட்டுப் பெண். அப்பா விசைப்படகில் போனவர், அம்மா மீன் ஏலம் எடுத்தவர். அம்மாவின் குரல் மகளுக்கு அப்படியே வந்திருந்தது. அக்கா தன் சீட்டில் உட்கார்ந்து சாதாரணமாக "டீ வந்துச்சா?" என்று கேட்டால் கீழே கேட்டில் நிற்கிற டிரைவர்கள் "இன்னும் வரலம்மா!" என்று பதில் சொல்வார்கள்.

எம்.சி.ஏ. படித்தவர், டேட்டாபேஸில் புலி. அதில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது, அக்காவுக்கு நிச்சயமாகக் கிடையாது. "நானு இல்லாட்டி இந்த யார்டு வெறும் இரும்புக் கட நைனா" என்று வாரம் ஒரு முறையாவது சொல்லிவிடுவார்.

இனி கொஞ்சம் தொழில் பேச வேண்டும். பயப்பட வேண்டாம், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். டேட்டாபேஸுக்குள்ளேயே சில வேலைகளை வரிசையாக எழுதி, ஒரு பெயர் கொடுத்துப் பூட்டி வைத்திருப்பார்கள். அதற்கு ஸ்டோர்டு புரொசீஜர் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தானே செய்து முடிக்கும். நன்றாக ஓடும்வரை தங்கம். தப்பாக ஓடினால் எந்த வரியில் தப்பு என்று வாயைத் திறக்காது. ஒவ்வொரு வரியாகப் பின்தொடர்ந்து போய், எங்கே எது கெட்டது என்று நாம்தான் பிடிக்க வேண்டும்.

மற்ற ஊர்களில் இதைத் திரையைப் பார்த்துக்கொண்டு செய்வார்கள். அக்காவும் முதலில் அப்படித்தான் செய்வார். ஒவ்வொரு படியிலும் என்ன மதிப்பு வருகிறது என்று அச்சடிக்கவிட்டு, மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்ப்பார். அதில் பிடிபட்டால் எங்களுக்கு நல்ல காலம். பிடிபடவில்லை என்றால் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நிற்பார். உடனே நாங்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம்.

"எல்லாம் எய்ந்துரு! நடந்து பாத்துடலாம்."

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைப் பார்த்தேன். கதவைத் திறந்தால், வளர்ந்த மனிதர்கள் நெஞ்சில் காகிதம் குத்திக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். ஆபீஸ் பையன் என்று கூப்பிடப்பட்ட ஐம்பது வயதுக்காரர் 'கன்டெய்னர்' என்று எழுதிக்கொண்டு நின்றார். அக்கவுண்ட்ஸ் பெண்மணி 'கப்பல்'. ஏதோ பிரார்த்தனைக் கூட்டத்துக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டோம் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "புச்சா சேந்த ஆளு நீதானா? வா வா. நீ நல்."

"நல்ல ஆள்தான் மேடம்" என்றேன் பணிவாக.

"அய்ய, நல்லு இல்ல நைனா. நல். ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம். அந்தக் கட்டத்துல மதிப்பே கெடையாது. பூஜ்யம்கூட கெடையாது. யாரு இன்னா கேட்டாலும் வாயத் தொறக்காம நில்லு."

அன்றிலிருந்து நான்தான் நிரந்தர நல். ஆபீஸில் மற்றவர்களெல்லாம் வளர்ந்து கன்டெய்னராக, கிரேனாக, கஸ்டம்ஸ் அதிகாரியாகக்கூட ஆனார்கள். எனக்கு மட்டும் கடைசிவரை பதவி உயர்வு வரவில்லை. "உன் மூஞ்சிக்கு அதான் பொருத்தம்" என்பார் அக்கா. வீட்டில் என் மனைவியும் இதையே வேறு வார்த்தைகளில் சொல்லியிருக்கிறாள் என்பதால் நான் மறுத்துப் பேசவில்லை.

ஒரு தடவை ஒரு புரொசீஜர் ஓட ஆரம்பித்தால் நிற்கவே மாட்டேன் என்றது. சுற்றிச் சுற்றி ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தது. அக்கா அக்கவுண்ட்ஸ்காரர்கள் இரண்டு பேரைப் பிடித்துத் தண்ணீர் கேனைச் சுற்றி வரச் சொன்னார். "நானு 'முடிஞ்சுது'ன்னு சொல்ற வரிக்கும் சுத்திக்கினே இருங்க." அவர்கள் சுற்றினார்கள். நடுவில் அக்காவுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே கீழே போய் டீ குடித்தார், பஜ்ஜி சாப்பிட்டார், ஒரு டிரைவரிடம் அவன் மாமியார் சண்டையை முழுக்கக் கேட்டார். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பேரும் தலை சுற்றிப் போய், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இன்னமும் சுற்றுகிறார்கள். "பாத்தியா! முடிஞ்சுதுன்னு சொல்றதுக்கு ஆளே இல்ல. அந்த வரிய எவனோ வுட்டுட்டான்!" என்று அக்கா துள்ளிக் குதித்தார். கோளாறு அதுதான். கண்டுபிடித்தாகிவிட்டது. சுற்றியவர்களில் ஒருவர் மறுநாள் லீவு.

இன்னொரு தடவை இரண்டு புரொசீஜர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நகராமல் நின்றுவிட்டன. அக்கா ஒருவர் கையில் டீ ஃபிளாஸ்க்கைக் கொடுத்தார், எதிரே நின்றவர் கையில் டம்ளர்களைக் கொடுத்தார். "ஒனக்கு டம்ளர் வேணும், அவனுக்கு ஃபிளாஸ்க்கு வேணும். கையில கீறத ரெண்டு பேரும் வுடக் கூடாது." இரண்டு பேரும் குறுகலான அந்த நடையில் நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு கப்பல் கம்பெனியிலிருந்து கோட்டு போட்டவர்கள் யார்டைப் பார்வையிட வந்தார்கள். ஒரு ஃபிளாஸ்க்குக்காக ஊழியர்கள் கைகலக்கப் போகிறார்கள் என்று நினைத்து, "எங்களுக்கு டீ வேண்டாம்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாதியில் ஏதாவது கெட்டால், செய்ததையெல்லாம் அழித்து ஆரம்ப நிலைக்கே திரும்புவது டேட்டாபேஸின் வழக்கம். அதையும் நடத்திக் காட்டினார். எல்லோரும் எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டாக நடித்த பிஸ்கட் பாக்கெட் மட்டும் காலியாகத் திரும்பி வந்தது.

"எங்கடா பிஸ்கட்டு?"

"சாப்ட்டேன்கா" என்றார் கிரேனாக இருந்தவர்.

"வேல முடியறதுக்கு முன்னாடி எவன்டா துன்னச் சொன்னான்? இப்ப எப்டிடா திருப்பி வெப்ப?" என்று அக்கா போட்ட சத்தத்தில் அவருக்கு விக்கல் எடுத்துவிட்டது.

ஆபீஸுக்கு வெளியிலும் இந்தக் குணம் அவரை விட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் நல்ல மீன் வாங்கித் தருகிறேன் என்று என்னைக் கூட்டிப்போனார். வஞ்சிரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு விற்கிற அம்மாவிடம், "இது எந்த போட்டுல வந்துச்சு? எப்போ எறக்கினாங்க? ஐஸு எப்போ போட்ட? நடுவுல எங்க வெச்சிருந்த?" என்று ஆரம்பித்தார். அந்த அம்மா வேறு யாருமில்லை, அக்காவின் சொந்தச் சித்தி.

"தே! மீனு வாங்க வந்தியா, கேஸு போட வந்தியா?" என்றார் சித்தி. "இஷ்டம் இருந்தா எடு, இல்லாங்காட்டி காத்து வர வுடு."

"சொல்லு சித்தி, ஒரு படி வுட்டுப்போச்சுன்னா மொத்தமும் தப்பாய்டும்."

கடைசியில் சித்தி பொறுக்க முடியாமல் ஒரு மீனை எடுத்து என் பையில் போட்டு, "தம்பி, இத்த எடுத்துகினு இவளயும் இஸ்துகினு போ" என்றார். மீன் நன்றாகத்தான் இருந்தது.

இப்படியெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த எங்களைச் சிரிக்க முடியாமல் செய்தது கன்னியப்பன் விவகாரம்.

கன்னியப்பன் எண்ணூர்க்காரர், டிரெய்லர் டிரைவர். பல வருஷமாக மற்ற டிரைவர்கள் லீவு போட்டால் அவர்கள் வண்டியை ஓட்டிப் பிழைத்தவர். இன்றைக்கு இந்த வண்டி, நாளைக்கு எந்த வண்டியோ என்று காலம் போயிற்று. அந்த வருஷம்தான் ஒரு முதலாளி நம்பிக்கையாக ஒரு டிரெய்லரை அவர் கையில் நிரந்தரமாகக் கொடுத்திருந்தார். கன்னியப்பன் அந்த வண்டியைக் குழந்தை மாதிரி குளிப்பாட்டினார். யார்டில் நிற்கிற டிரெய்லர்களில் எது பளபளவென்று இருக்கிறதோ அது அவருடையது.

ஆயுத பூஜை லீவு முடிந்து யார்டு திறந்த அன்றைக்கு ஆரம்பித்தது வினை. விடியற்காலை வரிசையில் நின்று கேட்டுக்கு வந்தால், வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற அடையாள டேக்கை கேட்டில் இருக்கும் ரீடர் கருவி பார்க்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. தடுப்புக்கட்டை மேலே எழவில்லை. திரையில், 'இந்த வண்டி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது' என்று வருகிறது. வண்டியோ கண்ணெதிரே வெளியே நிற்கிறது.

நாங்கள் உள்ளே இருக்கும் வண்டிகளின் பட்டியலிலிருந்து அதை நீக்குவோம். வண்டியை ஓரம் கட்டி, எனக்குப் போன் போட்டு, நான் மூன்று வண்டி மாறி வந்து அனுமதி வாங்கி நீக்குவதற்குள் மதியமாகிவிடும். அதற்குள் அவருக்கு வந்த லோடு வேறு வண்டியில் ஏறிப் போயிருக்கும். அவர் காலி வண்டியோடு உள்ளே போய், மறு கேட் வழியாக வெளியே வருவார். சரி, நீக்கியாகிவிட்டது, நாளைக்குச் சரியாகிவிடும் என்று பார்த்தால், மறுநாள் விடியற்காலையும் அதே சிவப்பு விளக்கு. தினமும் இதே கதை. முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, "இந்த வாரத்துக்குள்ள கேட்டு தொறக்கலன்னா சாவியக் குடுத்துடு. உனக்கு இன்னாவோ ராசியில்ல" என்று சொல்லிவிட்டார்.

கன்னியப்பன் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்றாலும் வரவில்லை. "வருஷக்கணக்கா அடுத்தவன் வண்டிய ஓட்டுனேன்மா. எதுலயும் ஒரு கீறல் வுட்டதில்ல. இது ஒண்ணுதான் என் வண்டின்னு நெனச்சேன். இத்த மட்டும் எப்டினா காப்பாத்திக் குடும்மா" என்று அக்காவிடம் சொன்னார்.  

அக்கா நேரே போய்த் திரையின் முன்னால் உட்கார்ந்தார். தினமும் விடியற்காலையில் ஒரு புரொசீஜர் ஓடி, ரீடர்கள் பதிந்துவைத்ததையெல்லாம் கூட்டிப் பார்த்து, எந்தெந்த வண்டி உள்ளே இருக்கிறது என்ற பட்டியலைப் புதிதாகப் போடும். அதனால்தான் நாங்கள் நீக்கியது நிற்கவில்லை. அக்கா ஒவ்வொரு படியாகப் பின்தொடர்ந்தார். ஒரு வண்டி எத்தனை முறை உள்ளே வந்தது என்று எண்ணுகிறது. எத்தனை முறை வெளியே போனது என்று எண்ணுகிறது. உள்ளே வந்தது அதிகமாக இருந்தால் வண்டி உள்ளே இருக்கிறது என்று முடிவு கட்டுகிறது. கன்னியப்பன் வண்டிக்கு வருகை ஒன்று கூடுதலாக இருந்தது. அந்தக் கூடுதல் வருகையைத் தேடிப் பிடித்தார். பிடித்ததும் அக்காவின் முகம் மாறிப்போயிற்று.

அது ஆயுத பூஜை அன்று காலையில் பதிவாகியிருந்தது. யார்டு மூடியிருந்த நாள். ஒரு வண்டியும் உள்ளே போகக் கூடாத நாள்.

எங்கள் மேனேஜர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவரை அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஆனால் யார்டில் ஒரு போல்ட்டு நட்டு இடம் மாறினாலும் தூக்கம் வராது. பதிவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "லீவு நாள்ல உள்ள என்ன சோலி? அதுவும் கள்ளத்தனமா? நல்ல மனுசம்னுல்லா நெனச்சிட்டிருந்தேன். எவ்வளவு சரக்கு கெடக்கு உள்ள! இப்பவே அந்த மொதலாளிக்குச் சொல்லிருதேன். இனி இந்த ஆளு நம்ம கேட்டுப் பக்கமே வரப்படாது."

கன்னியப்பன் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். "சத்தியமா நான் அன்னிக்கி உள்ள போவல சார். என் புள்ளைங்க மேல ஆணையா போவல."

"மெஷினு பொய் சொல்லுமாவே?"

அண்ணாச்சி போனைக் கையில் எடுத்துவிட்டார். உதவி கேட்டு வந்த மனுஷன் திருடன் பட்டத்தோடு போகப் போகிறார்.  மெஷினும் பொய் சொல்லவில்லை, மனுஷனும் பொய் சொல்கிற மாதிரி இல்லை. அப்போதுதான் அந்த நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, போன கீய வெய்யி. அவுரு மேல பழி போடறதுக்கு முன்னாடி ஒரு தபா நடந்து பாத்துடலாம்."

"வெளையாடுத நேரமாம்மா இது?"

"வெளையாட்டு இல்ல அண்ணாச்சி. ஒரு மனுசன் பொயப்பு. எய்ந்துருங்க எல்லாரும்!"

இரண்டு நாற்காலிகளைப் போட்டு கேட் செய்தார். கீழே இருந்து செக்யூரிட்டியை வரவழைத்து, "நீதான் ரீடரு. இவுரு எப்போ கேட்டத் தாண்டறாரோ அப்போ 'பீப்'னு சொல்லு" என்றார். அண்ணாச்சியைக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, "நீங்க நீங்களே" என்றார். நான் வழக்கம் போல நல்லாகச் சுவரோரம் நின்றேன். பிறகு கன்னியப்பனின் தோளைப் பிடித்துக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினார்.

"நீ உன் வண்டி. ஆயுத பூஜ காலைல நீ இன்னா செஞ்சியோ அத்த வாயால சொல்லாத. நடந்து காட்டு."

கன்னியப்பன் கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி ஸ்டியரிங்கைப் பிடித்தார். கியர் போட்டார். வாயால் இன்ஜின் சத்தம்கூடக் கொடுத்தார். கேட்டுக்கு வந்து நின்றார். நின்று, கையெடுத்துக் கும்பிட்டார். மறுபடி கியர். இடது பக்கம் எட்டிப் பார்த்து, வலது பக்கம் எட்டிப் பார்த்து, தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஒரு எட்டு முன்னால் வைத்தார். நாற்காலியைத் தாண்டினார்.

"பீப்" என்றார் செக்யூரிட்டி.

கன்னியப்பன் நின்றார். பிறகு கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து கேட்டுக்கு வெளியே போய்விட்டார்.

செக்யூரிட்டி இந்தத் தடவை 'பீப்' சொல்லவில்லை.

"இன்னாத்துக்குப் பின்னாடி போற?" என்றார் அக்கா, நாங்கள் அதுவரை கேட்டே இராத மெல்லிய குரலில்.

"அண்ணாச்சிதான்மா, 'வா, வா, வா, போதும், இப்பம் பின்னால எடு'ன்னாரு."

"எதுக்கு?"

"எலுமிச்சம்பயம் நசுங்கிருச்சேம்மா."

எல்லோர் கண்ணும் அண்ணாச்சி மேல் போயிற்று. அண்ணாச்சியின் வாய் திறந்திருந்தது.

ஆயுத பூஜையன்று எங்கள் யார்டில் ஒரு வழக்கம். எல்லா வண்டிக்கும் தனித்தனியாகப் பூஜை போட முடியாது என்பதால், இருப்பதில் நல்ல வண்டியாக ஒன்றைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து அதற்குப் பூஜை போடுவார்கள். அந்த வருஷம் அண்ணாச்சியே விரல் நீட்டி, பளபளவென்று நின்ற கன்னியப்பன் வண்டியைத் தேர்ந்தெடுத்தார். கேட் வாசலில் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை அதன் மேல் ஏற்றினார்கள். யார்டு மூடியிருந்ததால் வந்த வழியாகவே பின்னால் எடுக்கச் சொன்னார்கள். கற்பூரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை "வா, வா" என்று கூப்பிட்டவர் சாட்சாத் அண்ணாச்சி. சுற்றி நின்று பொரிகடலை தின்றது நாங்கள். நான் இரண்டு பொட்டலம் வாங்கினேன். எங்களில் ஒருவருக்குக்கூட அது வண்டி 'உள்ளே வந்தது' என்று தோன்றவில்லை. கன்னியப்பனுக்கும்தான். அது எங்களுக்குப் பூஜை. ரீடருக்கு மட்டும் அது வருகை.

"லீவு நாள்ல ரீடருக்குக் கரென்ட்டு ஏது?" என்றார் அக்கா.

செக்யூரிட்டி தலையைச் சொறிந்தார். "வாசல்ல சீரியல் பல்பு போட்டோம்ல மேடம். அதுக்கும் ரீடருக்கும் ஒரே ஸ்விட்ச்சு."

"பின்னாடி போறப்போ ஏன் நீ பீப்புன்னல?"

"அதே வண்டிய அவ்ளோ சீக்கிரம் ரெண்டாவது தபா பாத்தா அது ஊதாது மேடம். வெளிய போற ரீடரு அந்தாண்ட கேட்டுல கீது."

அக்கா இரண்டு கைகளையும் தட்டினார். "அவ்ளோதான்! உள்ள வந்தத ஒண்ணு பாத்துச்சு. வெளிய போனத எதுவும் பாக்கல. பூஜ போட்டீங்க, பொரி துன்னீங்க, அப்பால அந்த மனுசனையே திருடன்னீங்க. நல்லா கீது!"

அண்ணாச்சி மெதுவாக நடந்து கன்னியப்பன் பக்கத்தில் வந்தார்.  "தப்பாப் பேசிட்டேம்பா. மனசுல வச்சுக்கிடாதீய." கன்னியப்பன் இன்னமும் ஸ்டியரிங்கைப் பிடித்த கையைக் கீழே இறக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். நல்லுக்குக் கண்ணீர் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

"சரிம்மா, அந்தப் பதிவை அழிச்சுரு, முடிஞ்சுது சோலி" என்றார் அண்ணாச்சி.

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "அன்னிக்கி வண்டி கேட்டத் தாண்டுனது நெசம். நடந்தத ஏன் அழிக்கணும்? தப்பு, கூட்டிக் கயிக்கிற விதத்துல கீது. ஒரு தபா எண்ணிக்க தப்பிடுச்சுன்னா ஆயுசுக்கும் தப்பிக்கினே போவுது பாரு. எத்தினி தபா வந்தான், எத்தினி தபா போனான்னு எதுக்கு எண்ணணும்? கடைசியா இன்னா செஞ்சான்னு பாத்தா போதாதா? கடைசியா வெளிய போயிருந்தா வெளிய கீறான். இந்தச் சின்ன வெசயம் தெரியாத எந்தக் கஸ்மாலம் இத்த எய்துச்சு?"

அந்தக் கஸ்மாலத்தை அக்கா விடவில்லை. புரொசீஜரைத் திருத்திக்கொண்டே, அதன் அறிவையும் படிப்பையும் அதற்கு டிகிரி கொடுத்த காலேஜையும் சந்தி சிரிக்க வைத்தார். கையிலே கிடைத்தால் காசிமேட்டுக் கடலில் தள்ளுவேன் என்றார். திருத்தி முடித்து, யார் எப்போது மாற்றினார்கள் என்று குறித்துவைக்கப் புரொசீஜரின் முதல் வரிக்குப் போனார். எழுதியவர் பெயர் அங்கே இருந்தது. அக்கா சட்டென்று திரையைக் கையால் மறைத்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். பிறகு அவர் கழுத்தில் திரும்பிக் கிடந்த அட்டையைப் பார்த்தேன்.

"இன்னா பாக்கற?" என்றார் அக்கா. "அப்போ நானு சின்னப் பொண்ணு. வேலைக்குச் சேந்த புச்சு. போ, போய் உன் வேலயப் பாரு."

திருத்தியது சரியா என்பது மறுநாள் விடியற்காலை புரொசீஜர் ஓடிய பிறகுதான் தெரியும். மறுநாள் அக்காவுக்கு வார விடுமுறை. காலை ஷிஃப்ட் எனக்கு. நான் முதல் ரயிலைப் பிடித்து, கண் எரிய கேட்டுக்கு வந்து சேர்ந்தால், எனக்கு முன்னாலேயே அக்கா அங்கே நிற்கிறார். கையில் ஒரு காலி மீன் கூடை. மீன் வாங்கப் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்தாராம். அவர் வீட்டிலிருந்து காசிமேட்டு ஏலத்துக்கு நடந்தே போகலாம். எங்கள் யார்டு அதற்கு நேர் எதிர்த் திசையில், பஸ் ஏறி வர வேண்டிய தூரத்தில் இருக்கிறது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

டிரெய்லர்கள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. கன்னியப்பன் வண்டி தூரத்தில் தெரிந்தது. அக்கா வாய்க்குள்ளேயே முணுமுணுக்க ஆரம்பித்தார். "டேக்கப் பாத்துச்சா, வண்டிய எடுத்துச்சா, கடைசியா இன்னான்னு கேட்டுச்சா, வெளியன்னு வந்துச்சா..." கூடையின் பிடியை முறுக்கிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்தபோதுதான் இந்த அம்மாவுக்கும் பயம் என்று ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரிந்தது. வண்டி கேட்டில் வந்து நின்றது. மேலே டிரைவர் சீட்டில் கன்னியப்பன் மூச்சு விடுகிற மாதிரியே தெரியவில்லை.

பச்சை விளக்கு எரிந்தது. தடுப்புக்கட்டை ஆடிக்கொண்டே மேலே எழுந்தது.

கன்னியப்பன் வண்டியை நகர்த்தவில்லை. அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

"இன்னா நைனா பாத்துகினு கீற?" என்று அக்கா கத்தினார். "லைனு நிக்கிது பாரு, போ! உள்ள போ! உன் வண்டிதான், போ!"

 டிரெய்லர் கேட்டைத் தாண்டிப் போயிற்று. கன்னியப்பன் கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே போனார். கன்டெய்னர் வரிசைக்குள் வண்டி திரும்பி மறையும்வரைக்கும் அக்கா நகரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "டீ சொல்லு, பசிக்குது" என்றார்.

அதற்கப்புறம் நான் வேறு வேலைக்கு மாறிவிட்டேன். அக்கா இன்னமும் அங்கேதான் எல்லோரையும் நடக்கவிட்டுக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. இன்றைக்கு பாங்கிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எந்தக் கவுன்ட்டருக்குப் போனாலும், ஏதோ ஒரு மெஷின்தான் நம்மைப் பார்த்து உண்டு, இல்லை என்று சொல்கிறது. என்றாவது ஒரு நாள் அது என்னையும் இல்லை என்று சொல்லி நிறுத்திவைக்கும். நிறுத்தட்டும். விடியற்காலையில் காலிக் கூடையோடு வந்து எனக்காகவும் அப்படி ஒருவர் நிற்பார் என்றால், எந்தக் கேட்டுக்கு வெளியே வேண்டுமானாலும் நான் காத்திருப்பேன்.